மூளைக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

நான் பி.காம். படித்த காலத்தில் 'சரக்கு' என்றால் ஸ்டாக். தொடக்கச் சரக்கிருப்பு, இறுதிச் சரக்கிருப்பு, வெளித்திருப்பம் என்றெல்லாம் புத்தகத்தில் வரும். முதல் தடவை ஒரு நண்பனின் ரூமில் 'சரக்கு இருக்கா?' என்று ஒருவர் கேட்டபோது, யாரோ ஆடிட் வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூமிலிருந்து வந்த சத்தத்தில் 'வெளித்திருப்பம்' என்பதற்கும் அர்த்தம் புரிந்துவிட்டது.

காமர்ஸ்காரனுக்கு எதைப் பார்த்தாலும் கணக்குப் போடத் தோன்றும். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் நம் ஊர் லேபிளில் 42.8 சதவிகிதம் ஆல்கஹால் என்று போட்டிருக்கும். பெருக்கிப் பார்த்தால் 77 மில்லி சுத்தமான ஆல்கஹால். எடைக்கு மாற்றினால் சுமார் 61 கிராம். லிவர் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் கழிக்கும். ஆக ஒரு குவார்ட்டருக்கு ஆறு முதல் ஒன்பது மணி நேரம். லிவர் கண்டிப்பான செக்‌ஷன் கிளார்க் மாதிரி. மோர் கொடுத்தாலும், எலுமிச்சம்பழம் கொடுத்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும் ஃபைலை அதன் வேகத்தில்தான் நகர்த்தும். ஸ்ட்ராங் காபி குடித்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். தூங்குகிற குடிகாரர் முழித்துக்கொண்டிருக்கிற குடிகாரர் ஆவார். அவ்வளவுதான்.

* * *

லிவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அசல் ஆட்டம் நடப்பது இரண்டடி மேலே, மண்டைக்குள்.

ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு செக்யூரிட்டி கேட் உண்டு. கண்ட கண்ட மருந்து, கிருமி எதையும் லேசில் உள்ளே விடாது. ஆனால் ஆல்கஹால் மூலக்கூறு ரொம்பப் பொடிசு. தண்ணீரிலும் கரையும், கொழுப்பிலும் ஓரளவு கரையும். தீபாவளி ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் அம்மா கையை உதறிவிட்டு ஓடும் பொடியன் மாதிரி சில நிமிஷத்தில் உள்ளே புகுந்துவிடும்.

உள்ளே இரண்டு சமாசாரம் இருக்கிறது. 'காபா' என்று ஒரு ரசாயனம், மூளைக்கு பிரேக். 'குளூட்டமேட்' என்று இன்னொன்று, ஆக்ஸிலரேட்டர். ஆல்கஹால் பிரேக்கை அழுத்துகிறது, கூடவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறது. வண்டி ஸ்லோ ஆகிறது. கவலைகளும் ஸ்லோ ஆகின்றன.

அப்படியென்றால் குடித்தவன் ஏன் துள்ளுகிறான்? முதலில் டியூட்டியை விட்டுக் கிளம்புவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. 'இதைச் சொல்லாதே, அதைச் செய்யாதே, மாமனார் உட்கார்ந்திருக்கார்' என்று கண்டிக்கிற பெரியவர் அதுதான். பெரியவர் தூங்கப்போனதும் வீட்டில் பசங்க ஆட்டம். வருஷம் முழுக்கப் பேசாத அக்கவுண்ட்ஸ் கிளார்க், கல்யாண ரிசப்ஷன் ராத்திரியில் மேனேஜர் தோளில் கை போட்டு 'மச்சான், நீ என் உயிர்டா' என்று அழுவது அந்த நேரத்தில்தான்.

அடுத்து சிறுமூளை. நடை, பேலன்ஸ், நாக்கு எல்லாம் அதன் டிபார்ட்மெண்ட். அப்புறம் ஹிப்போகாம்பஸ். நடப்பதை ஞாபகமாகப் பதிவு செய்வது அதன் வேலை. வேகமாக, நிறையக் குடித்தால் ரெக்கார்ட் பட்டனே வேலை செய்யாது. மறுநாள் 'நானா அப்படிப் பேசினேன்?' என்று கேட்கிறவர் எல்லா சமயமும் நடிக்கிறார் என்று நினைக்காதீர்கள். மறந்துபோகவில்லை, பதிவாகவே இல்லை. டேப்பில் பாட்டே இல்லாதபோது எத்தனை ரீவைண்ட் செய்து என்ன பயன்?

கடைசியாக, மூச்சையும் இதயத்தையும் கவனிக்கும் அடித்தண்டு. பந்தயம் கட்டி ஒரே மூச்சில் ஃபுல் பாட்டில் காலி செய்கிறவர்களுக்கு அங்கே வரைக்கும் பிரேக் விழுந்துவிடும். 'மட்டையாயிட்டான், தூங்கட்டும்' என்று மல்லாக்கப் போட்டுவிட்டு வருவது ஆபத்து. வாந்தி மூச்சுக்குழாயில் போகலாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

* * *

இதெல்லாம் ஒரு நாள் கூத்து. தினப்படிக் கூத்து வேறு.

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு அம்மா. நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று காய்க்காரர் சொல்லித் தொலைத்துவிட்டார். பையனைப் பற்றி ஆரம்பித்தார். நல்ல வேலையில் இருந்தவனாம். இப்போது வேலையும் இல்லை, மருமகளும் பிறந்த வீட்டில். கடைசியில் கேட்டார்: "அவனே மனசு வெச்சா விட்டுட முடியாதா தம்பி? வேணும்னேதானே பண்றான்?"

தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் கேட்கப்படுகிற கேள்வி. ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் எலி, கொஞ்சம் குரங்கு, அப்புறம் விஷயம்.

1954-ல் கனடாவில் மாண்ட்ரியல் நகரத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்று இரண்டு விஞ்ஞானிகள் எலியின் மூளையில் மெல்லிய கம்பியைச் செருகினார்கள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் மூளையில் லேசான மின்சாரம் பாயும். கம்பி சில குறிப்பிட்ட இடங்களில் இருந்தபோது எலி மணிக்கு நூற்றுக்கணக்கான தடவை நெம்புகோலை அழுத்தித் தள்ளியது. 'இது நல்லாருக்கு, இன்னொரு தடவை' என்று சொல்ல மூளையில் தனி வயரிங் உண்டு என்பது இப்படித்தான் தெரிய வந்தது. அந்த வயரிங்கில் ஓடும் முக்கியமான ரசாயனம் டோபமைன். சாப்பாடு, காதல், குழந்தையின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் அது சுரக்கும். ஆல்கஹாலுக்கும் சுரக்கும்.

அடுத்து குரங்கு. சுவிட்சர்லாந்தில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குக்கு ஜூஸ் கொடுத்து, டோபமைன் நரம்புகள் எப்போது துடிக்கின்றன என்று பார்த்தார். முதலில் ஜூஸ் வாயில் விழும்போது துடித்தன. பிறகு விளக்கு எரிந்தால் ஜூஸ் வரும் என்று பழக்கினார். கொஞ்ச நாளில் நரம்புகள் விளக்குக்கே துடிக்க ஆரம்பித்தன. ஜூஸ் வரும்போது கம்மென்று இருந்தன. விளக்கு எரிந்தும் ஜூஸ் வராவிட்டால் வழக்கமான துடிப்பும் சட்டென்று குறைந்தது. ஏமாற்றம்!

இப்போது குரங்கை விட்டு மனுஷனுக்கு வாருங்கள். அவருக்கு விளக்கு எது? சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. சம்பளம் வந்த எஸ்.எம்.எஸ். தெரு முனையில் பச்சை நிற போர்டு. பிளாஸ்டிக் டம்ளர், வறுத்த கடலை வாசனை, குறிப்பிட்ட நண்பனின் பைக் சத்தம். பாட்டிலைத் தொடுவதற்கு முன்பே மூளை 'வருது, வருது' என்று மணி அடித்துவிட்டது. அந்த நேரத்தில் போகாமல் இருந்தால் குரங்குக்கு வந்த அதே ஏமாற்றம். சும்மா இருப்பதே தண்டனை மாதிரி இருக்கும்.

அமெரிக்காவில் மிஷிகன் பல்கலைக்கழகத்தின் கெண்ட் பெர்ரிட்ஜ் இன்னொன்று சொன்னார். 'பிடிக்கிறது' வேறு, 'வேண்டும்' வேறு. மூளையில் இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு. டோபமைன் முக்கியமாக 'வேண்டும்' பக்கத்து ஆசாமி. நாள்பட்ட குடியில் 'பிடிக்கிறது' தேய்ந்துகொண்டே வரும், 'வேண்டும்' வளர்ந்துகொண்டே போகும். 'எனக்கே பிடிக்கலைங்க, ஆனா போயிடறேன்' என்று ஒருவர் அழுதால் அது டயலாக் இல்லை.

* * *

இங்கேதான் என் கணக்குப்பிள்ளை வருகிறார்.

இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. மூளையும் அதே கணக்கு முறையில்தான் புத்தகம் எழுதுகிறது. தினம் சாயங்காலம் வெளியிலிருந்து யாரோ பிரேக்கை அழுத்துகிறார்களே, பேலன்ஸ் உதைக்கிறதே என்று பார்க்கும். உடனே தன் சொந்த பிரேக்கைத் தளர்த்தும், ஆக்ஸிலரேட்டரைக் கூட்டும். காபாவுக்குச் செவி சாய்ப்பது குறையும், குளூட்டமேட்டை வாங்கும் இடங்கள் அதிகமாகும். இதனால்தான் கட்டிங்கில் வந்த போதை பிறகு குவார்ட்டரில் வரும், அப்புறம் ஆஃபில் வரும். 'நம்மாளு எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடி' என்று நண்பர்கள் பெருமைப்படுகிறார்கள். பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஓவர் டிராஃப்ட் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ராத்திரி குடித்த சரக்கு விடியற்காலை வெளியேறிவிடும். ஆனால் தளர்த்திய பிரேக்கும் ஏற்றிய ஆக்ஸிலரேட்டரும் அப்படியே இருக்கும். கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும், எதைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். ஒரு கட்டிங் போட்டால் நடுக்கம் நிற்கும். காலையில் கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்கிறவரைப் பார்த்து 'காலங்கார்த்தால ஜாலியா?' என்று திட்டுகிறோம். அவர் லாபத்துக்கு நிற்கவில்லை. நஷ்டத்தை அடைத்து பூஜ்யத்துக்கு வருவதற்காக நிற்கிறார்.

2020-ல் இதை ஊரே பார்த்தது. மார்ச் 24-ம் தேதி ஊரடங்கில் கடைகளை மூடினார்கள். மற்ற இடங்களில் மே மாதம் திறந்து, கோர்ட் மூடச் சொல்லி, மறுபடி திறந்தார்கள். சென்னைக்கு மட்டும் ஆகஸ்ட் 18 வரை கிடையாது. கிட்டத்தட்ட ஐந்து மாசம். பல பேருக்கு அது நல்லதாகப் போயிற்று, விட்டேவிட்டார்கள். ஆனால் மூளை பழகிப்போன சில பேருக்கு அந்த முதல் வாரம் உயிரோடு விளையாடியது. வார்னிஷைக் குடித்துச் செத்தவர்களைப் பற்றியும் பேப்பரில் படித்தோம். கேரளாவில் டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசாங்கமே உத்தரவு போட்டது. டாக்டர்கள் எதிர்த்தார்கள், ஹைகோர்ட் தடுத்து நிறுத்தியது.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், நிறைய வீடுகளில் ஒரு வைத்தியம் உண்டு. ஆளை ரூமில் போட்டுப் பூட்டுவது. 'மூணு நாள் கத்துவான், அப்புறம் சரியாயிடும்.' வருஷக்கணக்காகத் தினமும் குடித்த ஒருவரைத் திடீரென்று நிறுத்தினால், ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் சில பேருக்கு ஜன்னி கண்டாற்போல் குழப்பம், இல்லாத பூச்சி கையில் ஊர்வது, இல்லாத ஆள் கதவருகில் நிற்பது. டாக்டர்கள் 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' என்பார்கள். பார்க்கிறவர்கள் பேய் பிடித்திருக்கிறது என்பார்கள். கவனிக்காவிட்டால் உயிரே போகும். ஆஸ்பத்திரியில் செய்வது ரொம்ப எளிமையான காரியம். பிரேக்குக்கு உதவும் மாத்திரையைக் கொடுத்து, ஐந்தாறு நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் என்கிற வைட்டமின் பி1 ஊசி. நாள்பட்ட குடியில் அது வற்றிப்போனால் ஞாபகசக்தி நிரந்தரமாகவே பாழாகலாம். நேற்று நடந்தது மறந்துபோய், இல்லாத கதையைப் பொய் என்றே தெரியாமல் சொல்லும் கோர்சகாஃப் வியாதி அப்படி வருவதுதான்.

இன்னொரு வீட்டு வைத்தியம்: 'அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்கிற பவுடர். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. டைசல்ஃபிரம் என்று ஒரு மருந்து உண்டு. 1940-களின் கடைசியில் கோபன்ஹேகனில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வேறு காரணத்துக்காக அதைத் தாங்களே சாப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு ஒரு பார்ட்டியில் இரண்டு வாய் குடித்ததும் முகம் சிவந்து, குமட்டி, நெஞ்சு படபடத்துப் போனது. ஆல்கஹால் பாதி வழியில் விஷமாக நின்றுவிட்டது. டாக்டர் சொல்லி, தெரிந்து சாப்பிட்டால் அது உதவும் மருந்து. தெரியாமல் சாம்பாரில் கலந்து, அவரும் தெரியாமல் ஒரு ஆஃப் அடித்தால், இதயம் தாங்காமல் போகலாம். குடியை நிறுத்தப்போய் ஆளை நிறுத்திவிடக் கூடாது.

* * *

சென்னையில் ரங்கநாதன் என்றால் தெருதான் ஞாபகம் வரும். இன்னொரு ரங்கநாதன் உண்டு. நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன், டி.டி. ரங்கநாதன். பணம், படிப்பு, பரம்பரை எதற்கும் குறைவில்லாத வீடு. குடிநோய் அவரை விடவில்லை. 1979-ல் இறந்துபோனார். 'மனசு வெச்சா விட முடியாதா?' என்று அந்த வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள்.

அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன், அமெரிக்காவில் பயிற்சி பெற்று வந்து, 1980-ல் கணவர் பெயரிலேயே ஒரு நிறுவனத்தை ஆரம்பித்தார். குடியை வியாதி என்று சொன்னால் சிரித்த காலம் அது. அடையாறு இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. ஆஸ்பத்திரி அதுதான். கிராமங்களுக்கே போய், மஞ்சக்குடி மாதிரி இடங்களில் முகாம் போட்டார்கள். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. 1999-ல் ஐ.நா.வின் வியன்னா சிவில் சொசைட்டி விருது. எனக்கு அவர் செய்ததில் பெரிசாகப் படுவது வேறு. குடிக்கிறவரோடு சேர்த்துக் குடும்பத்துக்கும் அங்கே சிகிச்சை உண்டு. பத்து வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த மனைவிக்கும், பைக் சத்தத்தை வைத்தே அப்பாவின் மூடைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட குழந்தைக்கும் மருந்து வேண்டாமா?

* * *

சரி, மயிலாப்பூர் அம்மாவின் கேள்விக்கு என்ன பதில்?

எல்லோருக்கும் இது வருவதில்லை. குடிநோய்க்கு ஆளாகும் அபாயத்தில் ஏறக்குறைய பாதி பரம்பரை என்கின்றன இரட்டையர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள். மீதி வளர்ப்பு, நண்பர்கள், மனச்சுமை, கையெட்டும் தூரத்தில் கடை. முன்மூளை முழுசாக வளர்ந்து முடிய இருபத்தைந்து வயதாகிறது. கட்டுமான வேலை முடிவதற்கு முன்னாலேயே குடி போகிறவனுக்கு ஆபத்து அதிகம். முதல் டம்ளரை எடுப்பது பெரும்பாலும் மனசுதான். ஆயிரமாவது டம்ளரை எடுப்பது வேறு ஆள். 'மனசு வை' என்கிறோம். மனசு வைக்கிற முன்மூளையைத்தான் அது முதலில் காலி செய்கிறது. கால் ஒடிந்தவனைப் பார்த்து 'மனசு வெச்சு நட' என்றால் நடப்பானா? ஆனால் கட்டுப் போட்டு, பழக்கி, கைத்தடி கொடுத்தால் நடப்பான். நடந்துதான் ஆகவேண்டும், அவனுக்குப் பதில் நாம் நடக்க முடியாது.

கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதைக் கேலி செய்யமாட்டேன். கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் முன்மூளைக்கு ஒரு தட்டு விழுகிறது. ஆனால் தினம் குடிக்கிறவர் கயிறு கட்டப் போவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகட்டும். 'வேண்டும்' என்கிற நச்சரிப்பைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாதிரி மருந்துகள் இருக்கின்றன. எல்லோருக்கும் கேட்பதில்லை, பல பேருக்குக் கேட்கிறது. மறுபடி ஒரு நாள் குடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று கைகழுவாதீர்கள். ஷுகர்காரர் கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டால் டாக்டர் கேஸை மூடிவிடுகிறாரா என்ன?

பாட்டிலில் எச்சரிக்கை போட்டிருக்கிறதே என்பார்கள். முன்பெல்லாம் போட்டிருந்த 'குடி குடியைக் கெடுக்கும்' என்பதை விடச் சுருக்கமாக யாரும் எழுத முடியாது. ஆனால் அதைப் படிக்கவேண்டிய பெரியவர் முன்மூளை. பாட்டில் கைக்கு வந்து லேபிள் கண்ணில் படுவதற்குள், தெருமுனையிலேயே டோபமைன் மணி அடித்தாயிற்று. அதனால்தான் விட்டவர்கள் லேபிளை நம்புவதில்லை, ரூட்டை மாற்றிக்கொள்கிறார்கள். அடையாறில் ஒரு ஆட்டோக்காரர் குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறதாம். சவாரி முடித்து வீட்டுக்குப் போகும்போது நேர் ரோட்டில் போகாமல் ஒன்றரை கிலோமீட்டர் சுற்றிப் போகிறார். "மீட்டர் கணக்குல நஷ்டம்தான் சார். அந்தத் தெருவுக்குள்ள நுழைஞ்சா வண்டி தானா நிக்குது. வண்டிக்கு இருக்குற பழக்கம், என்ன பண்ண?" என்று சிரித்தார்.

போதை மறுவாழ்வுக்கு அரசாங்கத்தின் இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலிமனாஸ், 14416. அரசு பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவில் இதற்கு வைத்தியம் உண்டு. எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள். உங்கள் வீட்டில் தேவைப்படாவிட்டால் ரொம்ப சந்தோஷம். மாடி வீட்டில் தேவைப்படலாம்.